நட்டு என்றுதான் சொன்னாராம்

பீளமேடு பத்மகிரி மில்லில் கந்தப்பன் என்று மூன்று பேர் இருந்தார்கள். காவல்காரர் ஒருவர், நூல் கட்டுகிறவர் ஒருவர், ஆபீசில் இங்கிலீஷ் கந்தப்பன். மில்லிலிருந்து பம்பாய்க்கோ இங்கிலாந்துக்கோ போகிற கடிதம் எதுவானாலும் இந்த மூன்றாம் கந்தப்பன் கையால்தான் போகும். 'தங்கள் மேலான கடிதம் கிடைத்தது' என்பதை எட்டு இங்கிலீஷ் வார்த்தையில் தொடங்கி, 'கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்' என்று முடிப்பான். பதினோரு வருஷமாக எழுதி வந்தான். அங்கிருந்தும் ஒழுங்காகப் பதில் வந்துகொண்டிருந்தது. ஆனால் ஒரு இங்கிலீஷ்காரனோடு நேருக்கு நேர் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை என்பது அவனுக்கே உறைக்காத விஷயம்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆனி மாதம் இங்கிலாந்திலுள்ள லங்காஷயரிலிருந்து, நூல் நூற்கிற பன்னிரண்டு ரிங் பிரேம்கள் மரப்பெட்டிகளில் வந்து இறங்கின. அவற்றைப் பூட்டி ஓட விட்டுக் கொடுப்பதற்கு அந்தக் கம்பெனியே ஒரு ஆளையும் அனுப்பியது. பெயர் ஆல்பர்ட் என்ட்விசில். முழுப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. முதல் நாள் மதியத்துக்குள் மில் முழுக்க அவர் 'விசில் துரை' ஆகிவிட்டார்.

முதலாளி வரதராஜுலு கந்தப்பனைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னார்: "கந்தப்பா, துரை இங்க இருக்கிற மூணு மாசமும் அவருக்கு வாயும் நீதான், காதும் நீதான். எல்லாம் நல்லபடியா முடிஞ்சா தை மாசம் ஆபீஸ் சூப்பிரண்டு நாற்காலி உனக்கு."

"அதுக்கென்னங்க, நான் பார்த்துக்கறனுங்க" என்றான் கந்தப்பன். தொப்பியும் சுருட்டுமாக ஒரு துரையை அவன் எதிர்பார்த்திருந்தான். வந்தவர் குட்டையாக, பருமனாக, நகக்கண்ணில் கிரீஸ் கறையோடு இருந்தார். இருந்தாலும் கந்தப்பன் மரியாதை குறையாமல், "வாட் இஸ் யுவர் குட் நேம், சார்?" என்று தொடங்கினான். என்னிடம் இருப்பது ஒரே பெயர்தான் என்று ஆல்பர்ட் குழம்பிப்போய்ச் சொன்னார்.

அந்த வாரமே இன்னொன்று நடந்தது. ஒரு பெட்டி குறைகிறது, முதலாளி கையெழுத்து வேண்டும் என்று ஆல்பர்ட் கேட்டார். முதலாளி பம்பாய் போயிருந்தார். கந்தப்பன், "ஹி இஸ் அவுட் ஆஃப் ஸ்டேஷன்" என்றான். ஊரில் இல்லை என்பதை இதைவிட அழகாக எப்படிச் சொல்வது? ஆல்பர்ட் அதை 'ஸ்டேஷனுக்கு வெளியே நிற்கிறார்' என்று எடுத்துக்கொண்டார். ஒரு ஜட்கா பிடித்து நேராகக் கோயமுத்தூர் ஜங்ஷனுக்குப் போனார். ஸ்டேஷனுக்கு வெளியே முக்கால் மணி நேரம், சந்தேகம் வந்து உள்ளே பிளாட்பாரத்தில் ஒரு மணி நேரம் முதலாளியைத் தேடிவிட்டு, முகம் செம்பருத்திப் பூவாகச் சிவந்து திரும்பி வந்தார். அவர் கோபத்தில் பேசியதில் கந்தப்பனுக்குக் காலே அரைக்கால்தான் புரிந்தது. அவன் படித்த இங்கிலீஷில் அந்த வார்த்தைகளே கிடையாது. வீட்டுக்குப் போய் அகராதியைப் புரட்டினான். அகராதியிலும் இல்லை.

மில்லுக்குள் வேறொரு புகைச்சல். ஆல்பர்ட்டிடம் ஸ்பேனரை நீட்டினால், வாங்கிக்கொண்டு "டா" என்பார். எண்ணெய்க் குப்பியைக் கொடுத்தால் "டா." பெரியவர், சின்னவர் பார்க்கவில்லை. ஒருநாள் ஸ்பின்னிங் மாஸ்டர் அழகிரிசாமியே ஒரு வரைபடத்தை எடுத்துக் கொடுக்க, அவரையும் "டா" என்றுவிட்டார். சின்னக் குழந்தையைக்கூட 'வாங்க கண்ணு' என்று கூப்பிடுகிற ஊர். மாஸ்டருக்கு மீசை துடித்தது.

"தமிழ்ல அவன் கத்துக்கிட்ட மொதல் வார்த்தையே இதுதானா? எவன்யா சொல்லிக் குடுத்தது?"

கந்தப்பன், "தொரைங்க அப்படித்தானுங்க, மனசுல வெச்சுக்காதீங்க" என்று சமாதானம் சொன்னான்.

இதையெல்லாம் சட்டை பண்ணாத ஒரே ஆள் ஃபிட்டர் ராமுலு. இருபத்தாறு வயது. வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், இங்கிலீஷ் சுத்தமாகக் கிடையாது. ஆனால் ஆல்பர்ட் கையை நீட்டுவதற்குள் எந்தச் சாமான் வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். இருவரும் சேர்ந்து முதல் ரிங் பிரேமை மூன்று நாள் ரசமட்டம் வைத்து, மயிரிழை பிசகாமல் நிறுத்தினார்கள். வியாழக்கிழமை காலை கடைசி நட்டையும் முடுக்கிவிட்டு, ஆல்பர்ட் சாக்குத்துணியில் கையைத் துடைத்தபடி, பக்கத்தில் நின்ற கந்தப்பனிடம் ஏதோ சொன்னார். பழைய மெஷின்கள் ஓடுகிற இரைச்சலில், "நவ்ட்... ராங்" என்று அவன் காதில் விழுந்தது. அத்தோடு அவர் குறைந்த பெட்டியைப் பார்க்கக் கூட்ஸ் ஷெட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

"என்னங்க சொல்லீட்டுப் போறாரு?" என்றான் ராமுலு.

கந்தப்பன் ஒரு நிமிஷம் யோசித்தான். "நட்டு சரியில்லைங்கறார்."

"நட்டா? எந்த நட்டுங்க?"

"பொதுவாத்தான் சொன்னார். எல்லாத்தையும் பார்த்துப்போடு."

ராமுலுவுக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் துரை வாயால் வந்தது என்று நினைத்து, ஒரு முனையிலிருந்து தொடங்கி அத்தனை நட்டையும் கழற்றி, திருகு மரையைத் துடைத்துப் பார்த்து வரிசையாக அடுக்கினான். மூன்று மணிக்கு ஆல்பர்ட் திரும்பி வந்தபோது, மூன்று நாள் உழைப்பு தரையில் கோணித்துணியின் மேல் கிடந்தது.

அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து ஷெட் ஆட்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். அழகிரிசாமி ஓடி வந்தார். "எவன் கழட்டச் சொன்னது?"

"துரை சொன்னார்னு கிளார்க் அய்யா சொன்னாருங்க" என்றான் ராமுலு.

கந்தப்பன் ஆல்பர்ட்டிடம் திரும்பி, தன் முழு இங்கிலீஷையும் திரட்டி, காலையில் தாங்கள் சொன்னது என்ன என்று கேட்டான். ஆல்பர்ட் மேஜையில் ஓங்கிக் குத்தி, "ஐ செட் நவ்ட்!" என்று கத்தினார்.

"பாருங்க மாஸ்டர்," என்று கந்தப்பன் நிமிர்ந்தான், "அவரே ஒத்துக்கறார். நட்டு என்றுதான் சொன்னாராம்."

மாஸ்டர் தீர்ப்புச் சொல்ல அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. துரை நட்டை முடுக்கத்தான் சொல்லியிருப்பார், இந்த ஆள் புத்தி இல்லாமல் கழற்றிப் போட்டிருக்கிறான் என்று முடிவாயிற்று. மறுநாளே ராமுலுவைக் கழிவுப் பஞ்சுக் கிடங்குக்கு மாற்றினார்கள். ஃபிட்டருக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது, பஞ்சை அள்ளிச் சாக்கில் திணிப்பதைத் தவிர. ஆல்பர்ட் இரண்டு நாள் ராமுலுவைத் தேடினார். பிறகு யாரோடும் பேசாமல், வேறு ஒருவனை வைத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினார்.

முதலாளி கந்தப்பனைக் கூப்பிட்டார். "துரை மொகம் சரியில்லையே. போற போக்கப் பார்த்தா நம்மளப் பத்தி என்ன எழுதுவாரோ. ஏதாவது பண்ணு."

கந்தப்பன் யோசித்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டில் டின்னருக்கு வர வேண்டும் என்று ஆல்பர்ட்டை அழைத்தான். அந்தச் சண்டைக்குப் பிறகு முதல் தடவையாக ஆல்பர்ட் சிரித்தார். "டின்னரா? ஞாயிற்றுக்கிழமையா? சாம்பியன்!" என்றார். யார் சாம்பியன், எந்த ஆட்டத்தில் என்று கந்தப்பன் கேட்கவில்லை. வருகிறார் என்பது போதும்.

வீட்டில் மனைவி தெய்வாத்தாள் கவலைப்பட்டாள். "வெள்ளைக்காரருக்கு நான் என்னத்தைங்க ஆக்கறது?"

"நீ ஒண்ணும் ஆக்க வேண்டாம். கெஸ்ட் ஹவுஸ் சமையல்காரன்கிட்டக் கட்லெட்டுக்குச் சொல்லியிருக்கேன். ரொட்டி, ஜாம், முள்கரண்டி எல்லாம் டவுன்ல வாங்கியாந்துருவேன். ராத்திரி எட்டு மணிக்குத்தான் வருவார். உனக்கு இதெல்லாம் தெரியாது, நீ பேசாம இரு."

தெய்வாத்தாளுக்கு இந்தக் கடைசி வாக்கியம் புதிதல்ல. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் வாரம் ஒருமுறையாவது கேட்டிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கந்தப்பன் பஸ் ஏறினான். தெய்வாத்தாள் எண்ணெய் தேய்த்துக் குளித்து, தலையில் துண்டோடு அடுப்படிக்கு வந்தாள். கம்பஞ்சோறு பொங்கி, பச்சைப்பயறு கடைந்து இறக்கியபோது பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது. வாசலில் சைக்கிள் மணிச் சத்தம். எட்டிப் பார்த்தாள். அயர்ன் பண்ணின வெள்ளைச் சட்டையும் வழித்த முகமுமாக ஒரு வெள்ளைக்காரர், கையில் பிஸ்கட் டின்னோடு நின்றுகொண்டிருந்தார்.

ராத்திரி எட்டு மணிக்கு வர வேண்டியவர் இப்போதே வந்து நிற்கிறார். ஆனால் வாசலில் நிற்பவர் ஒறம்பரை, வீடு தேடி வந்த விருந்தாளி. ஒறம்பரையை நிற்க வைத்துப் பேசுவது எந்த ஊர்ப் பழக்கம்?

"வாங்க, வாங்க. உள்ள வாங்க. அவருங்க டவுனுக்குப் போயிருக்காரு. சித்தெ இருங்க, வந்துருவாரு" என்றாள். ஒரு வார்த்தை விளங்காவிட்டாலும் ஆல்பர்ட் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு "டா" என்றார். அவள் திடுக்கிட்டாள். ஆனால் சொன்ன முகத்தில் அத்தனை பணிவு இருந்தது. 'அவங்க ஊர்ல இது வேற என்னவோ போலிருக்குது' என்று நினைத்துக்கொண்டு இலையைப் போட்டாள்.

கந்தப்பன் ஒன்றரை மணிக்கு வந்தான். ஒரு கையில் ரொட்டிப் பொட்டலம், மறு கையில் காகிதம் சுற்றிய கண்ணாடிக் கூஜா. வாசலில் சைக்கிளைப் பார்த்தான், உள்ளே பார்த்தான். ஆல்பர்ட் தரையில் சம்மணம் போட முடியாமல் ஒரு காலை நீட்டி உட்கார்ந்து, கம்பஞ்சோற்றைக் கையால் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் பொரித்த முட்டை. எதிரே தெய்வாத்தாள் ஒரு போட்டோவைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, வந்துட்டீங்களா? இவருக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. இது இவரு சம்சாரம். நம்மாட்டவே மில்லு வேலைங்க. பாருங்க, தறிக்குப் பக்கத்துல நிக்கறாங்க."

கந்தப்பன் ரொட்டிப் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டுப் போட்டோவை வாங்கிப் பார்த்தான். முந்தானை மாதிரி ஒரு துணியை இடுப்பில் கட்டி, தலைமுடியைத் துணியால் இறுக்கிய ஒரு பெண், தறி வரிசை நடுவில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். துரைசானி மில் வேலைக்குப் போவாளா? அப்படியானால் இவர் துரை இல்லை. ராமுலு மாதிரி ஒரு ஃபிட்டர். ஏழு வாரமாகக் கூடவே அலைந்தும் இதைக் கேட்கத் தோன்றவில்லை. இவள் ஒன்றரை மணி நேரத்தில், ஒரு வார்த்தை இங்கிலீஷ் இல்லாமல் தெரிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"நான் எட்டு மணிக்கு எதிர்பார்த்தேன், சார்" என்றான் இங்கிலீஷில், மெதுவாக.

"டின்னர் என்றீர்களே?" ஆல்பர்ட்டும் மெதுவாகப் பேசினார். "எங்கள் ஊரில் டின்னர் பன்னிரண்டு மணிக்கு. சாயந்திரம் சாப்பிடுவது டீ."

"டீயைக் குடிக்கத்தானே செய்வார்கள்?"

"குடிக்கவும் செய்வோம். ஆனால் சாப்பிடுவதற்கும் பெயர் அதுதான். லண்டன்காரர்கள்தான் ராத்திரி டின்னர் சாப்பிடுவார்கள்."

அப்போது தெய்வாத்தாள் குறுக்கிட்டாள். "சாப்பாட்டுல ஏதாச்சும் கொறை இருக்குதான்னு கேளுங்க. மோர் ஊத்தட்டுமா?"

கந்தப்பன் கேட்டான். ஆல்பர்ட் வயிற்றைத் தட்டிக்கொண்டு, தலையை ஆட்டி, "நவ்ட் ராங் வித் இட். நவ்ட் அட் ஆல்" என்றார்.

"என்னங்கறாரு?"

"நட்டு... ஏதோ நட்டு சரியில்லைங்கறார்."

தெய்வாத்தாள் சிரித்துவிட்டாள். "சோத்துல ஏதுங்க நட்டு? ஒண்ணும் கொறையில்ல, நல்லாருக்குதுங்கறாரு. வயித்தத் தட்டறாரு, கையை விரிக்கறாரு, பார்த்தாத் தெரியலீங்களா?"

கந்தப்பன் கூஜாவைக் கீழே வைத்தான். அன்றைக்கு மெஷின் பக்கத்தில் கேட்டதும் இதே வார்த்தைதான். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, ரொட்டி சுற்றியிருந்த காகிதத்தோடு நீட்டி, அந்த வார்த்தையை எழுதிக் காட்டச் சொன்னான். ஆல்பர்ட் இடது கையால் வாங்கி, நாலே எழுத்து எழுதினார். "அப்படியென்றால் 'ஒன்றுமில்லை.' எங்கள் பக்கத்து வார்த்தை. லண்டன்காரனுக்குப் புரியாது."

"அன்றைக்கு மெஷினைப் பார்த்துச் சொன்னது..."

"ஒரு குறையும் இல்லை என்றேன்."

"சாயந்திரம் கத்தினது..."

"நான் ஒன்றுமே சொல்லவில்லை என்றேன்."

கந்தப்பன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். பிறகு அன்று மதியம் முழுக்க இருவரும் பேசினார்கள். 'சாம்பியன்' என்றால் பிரமாதம், 'டா' என்றால் நன்றி என்று தெரிந்தது. தமிழில் 'டா' எப்படிப்பட்ட வார்த்தை என்று கந்தப்பன் சொன்னதும் ஆல்பர்ட் காதுவரை சிவந்து, எத்தனை பேரைச் சொன்னேன், மாஸ்டரையுமா என்று தலையில் கை வைத்துக்கொண்டார். தன் பங்குக்கு அவரும் ஒன்று ஒப்புக்கொண்டார்: ராமுலு தலையைப் பக்கவாட்டில் ஆட்டியதை முதல் பதினைந்து நாள் 'மாட்டேன்' என்றே நினைத்தாராம். கந்தப்பன் பேசியதில் பாதி அவருக்கும் புரியவில்லை. தன் சொந்த பாஷையை இன்னொருத்தரிடம் 'புரியவில்லை' என்று சொல்ல வெட்கமாக இருந்ததாம். 'டூ தி நீட்ஃபுல்' என்பது தப்பா என்று கந்தப்பன் தயங்கித் தயங்கிக் கேட்டான். தப்பில்லை, எங்கள் தாத்தா காலத்து வக்கீல்கள் அப்படித்தான் எழுதுவார்கள் என்றார் ஆல்பர்ட். இதற்குச் சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று கந்தப்பனுக்குத் தெரியவில்லை.

அவர் போன பிறகு தெய்வாத்தாள் கேட்டாள்: "ராமுலுவை எதுக்குங்க கெடங்குல போட்டாங்க?"

கந்தப்பன் முழுக்கச் சொன்னான்.

"அப்ப, அந்தப் புள்ள மேல தப்பே இல்ல."

"இல்ல."

"நீங்களும் வேணும்னு பண்ணுனது இல்ல. ஆனா இன்னிக்குத் தெரிஞ்சுபோச்சு. பொழுதோட ஒரு நடை அந்தப் புள்ள வீட்டுக்குப் போய்ச் சொல்லிப்போட்டு வாங்க."

"மாஸ்டர் காதுக்குப் போச்சுன்னா, சூப்பிரண்டு வேலை போயிருமே, அம்மணி."

அவள் இலையை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனாள். கந்தப்பன் ஆல்பர்ட் எழுதிய காகிதத்தை இன்னொரு தடவை படித்துவிட்டு மடித்து வைத்தான். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

ராமுலு வீட்டு வாசலில் நின்று இருமிக்கொண்டிருந்தான். பஞ்சுத் தூசி. கந்தப்பன் சொன்னதை முழுவதும் கேட்டான். சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை.

"இத மாஸ்டர்கிட்டச் சொல்லுவீங்களா?"

"நாளைக்குக் காலையில சொல்றேன்."

"சொல்லிப்போட்டு வந்து பேசுங்க" என்று உள்ளே போய்விட்டான்.

மறுநாள் முதலாளி அறையில் அழகிரிசாமியும் இருந்தார். கந்தப்பன் காகிதத்தை மேஜைமேல் வைத்து, நின்றபடியே சொல்லி முடித்தான். தெரியாமல் நடந்தது என்று ஒரு தடவைதான் சொன்னான், இரண்டாம் தடவை சொல்லத் தோன்றவில்லை. வரதராஜுலுவுக்கு முதலில் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சிரிப்பு தானாக நின்றது.

"சிரிப்பு வருது கந்தப்பா. ஆனா பத்து நாளா ஒரு நல்ல ஃபிட்டர் பஞ்சு அள்ளீட்டிருந்தானே?"

"ஆமாங்க."

"புரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"இங்கிலீஷ் கந்தப்பன்னு பேர் வெச்சுக்கிட்டு எப்படீங்க சொல்றது?"

முதலாளி காகிதத்தை மாஸ்டர் பக்கம் தள்ளினார். அழகிரிசாமி மீசையைத் தடவியபடி, அந்த 'டா' விஷயம் நிஜந்தானா என்று மட்டும் கேட்டார். நிஜம் என்றதும், "அடடே, நான் அவனுக்குத் திருப்பி நாலு தடவை சொல்லிப்போட்டனே" என்றார். "நன்றின்னு எடுத்துக்கிட்டிருப்பாருங்க" என்றான் கந்தப்பன்.

ராமுலு அன்றைக்கே ரிங் பிரேமுக்குத் திரும்பினான். ஆல்பர்ட் அவனைப் பார்த்ததும் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு வந்து இரண்டு கையாலும் கையைக் குலுக்கினார். அதன்பின் வேலை மளமளவென்று நடந்தது. ஐப்பசியில் பன்னிரண்டு பிரேமும் ஓடின. சூப்பிரண்டு நாற்காலி தை மாதம் கண்ணையாவுக்குப் போகும் என்று அப்போதே பேச்சு அடிபட்டது. அவன் கணக்குப் பிரிவில் இருந்தவன், கந்தப்பனைவிட நாலு வருஷம் இளையவன். கந்தப்பன் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.  ஒருநாள் ஆபீசிலிருந்து கொண்டுவந்த கடிதம் ஒன்றை அவனே தெய்வாத்தாளிடம் படித்துக் காட்டி, "இதுக்கு நீ என்ன நெனைக்கற?" என்று கேட்டான். அவள் உலையை இறக்கி வைத்துவிட்டு வந்து, எதிரே உட்கார்ந்து கேட்டாள்.

ஆல்பர்ட் ஊருக்குப் போன அன்று ஜங்ஷனில் மாலையோடு பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். ரயில் நகர்ந்ததும் கூட்டம் கலைந்தது. கந்தப்பன் தனியாகப் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தான். பின்னாலிருந்து, "அண்ணா, நில்லுங்க" என்று ஒரு குரல். ராமுலு. இதுவரை அவன் கந்தப்பனைக் 'கிளார்க் அய்யா' என்றுதான் கூப்பிட்டிருக்கிறான். அந்தக் கிடங்குக்குப் பிறகு அதுவும் இல்லை.

"தங்கச்சிக்கு வெள்ளிக்கிழமை நிச்சயம் வெச்சிருக்கோம். சூலூர் மாப்பிள்ளை. நீங்களும் அக்காவும் வந்துரோணும்."

"பையன் என்ன பண்றான்?"

"பஞ்சாயத்துல இருக்காருங்க. நல்ல எடம்."

"வாரோம்ப்பா. ரெண்டு பேரும் வாரோம்."

பீளமேட்டு பஸ் வந்தது. உட்கார இடமில்லை. இருவரும் கம்பியைப் பிடித்து நின்றபடி, மாப்பிள்ளை வீட்டார் எத்தனை பேர் வருவார்கள் என்று பேசிக்கொண்டே போனார்கள்.